தொற்றுநோய் டாக்டர்னா யாரு, கொள்ளைநோய் இல்லாதப்போ அவங்களுக்கு என்ன வேலை?

எந்தக் கிருமி, எந்த மருந்து, அடுத்தவங்களுக்குப் பரவுமான்னு பாக்கறவங்கதான் தொற்றுநோய் ஸ்பெஷலிஸ்ட். எம்பிபிஎஸ், எம்டி 3 வருஷம், அதுக்கு மேல டிஎம் 3 வருஷம், படிச்சு முடிக்கறதுக்குள்ள தலை நரைச்சிடும் போங்க.

கொள்ளைநோய் வர்றதுக்கு முன்னாடியே ஏன் தயாராகணும்னா, புதுக் கிருமிக்கு யார் உடம்புலயும் எதிர்ப்பு இருக்காது, கிடுகிடுன்னு பரவிடும், அப்பப் போய் பெட், ஆக்சிஜன், டெஸ்ட் கிட்னு அலைய முடியாது, ஐப்பசி மழைக்கு முன்னாடியே வடிகாலைத் தூர்வாரலேன்னா வேளச்சேரி என்னாகும், அந்த மாதிரிதான். 1986-ல மைக்ரோபயாலஜி டாக்டர் சுனிதி சாலமன் டீம் சென்னைல தேடிப் பாத்ததாலதான் இந்தியால எச்ஐவி இருக்கறதே தெரிஞ்சுது, யாரும் தேடலேன்னா சத்தமில்லாம பரவியிருக்கும்.

கொரோனா போயிடுச்சே இனி இவங்க சும்மாதானேன்னு நினைக்காதீங்க, டிபி, டெங்கு, எலிக்காய்ச்சல், ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத கிருமின்னு தினமும் வேலை இருக்கு.