போர்ட்டலில் பரிந்துரைக் கடிதம் ‘வரவில்லை’ என்று காட்டினால்

நவம்பர் 1 கெடுவுக்குள் மகள் காமன் ஆப்பில் (பல அமெரிக்கக் கல்லூரிகளுக்கு ஒரே இடத்தில் விண்ணப்பிக்கும் தளம்) விண்ணப்பத்தை அனுப்பிவிட்டாள், இரண்டு வாரமாகியும் கல்லூரியின் போர்ட்டலில் (விண்ணப்ப நிலையைக் காட்டும் இணையப் பக்கம்) ஆசிரியர் கடிதம் ஒன்று வரவில்லை என்றே காட்டுகிறது, விண்ணப்பம் செல்லாமல் போய்விடுமா, நானே ஆசிரியருக்குப் போன் போட்டுக் கேட்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். செல்லாமல் போகாது. போன் மட்டும் போடாதீர்கள்.

அமெரிக்கக் கல்லூரி விண்ணப்பத்தில் மாணவி அனுப்புவது ஒரு பகுதி, பள்ளி அனுப்புவது இன்னொரு பகுதி. இரண்டும் தனித்தனியாகப் போய்ச் சேரும். மாணவியின் பகுதிதான் கெடு நாளில் கறாராக முடிய வேண்டும். பள்ளியிலிருந்து வரும் கடிதம், டிரான்ஸ்கிரிப்ட் (மதிப்பெண் பதிவு) போன்றவை சில நாள் தாமதமானால் பெரும்பாலான கல்லூரிகள் பொறுத்துக்கொள்கின்றன. ஆனால் கோப்பு முழுமையாகும்வரை அதைப் படிக்க எடுக்காமல் வைத்திருக்கலாம். அதனால் பதற வேண்டியதில்லை, ஆனால் அப்படியே விட்டுவிடவும் கூடாது.

போர்ட்டலை நம்பி ஆசிரியரைக் குறை சொல்லிவிடாதீர்கள். கெடு நாளை ஒட்டி ஆயிரக்கணக்கான ஆவணங்கள் ஒரே நேரத்தில் வந்து குவியும். அவற்றை உரிய கோப்பில் சேர்க்க ஒரு வாரம், சில இடங்களில் இரண்டு வாரம் ஆகும். கடிதம் எங்கே நிற்கிறது என்பதை முதலில் காமன் ஆப்பில்தான் பார்க்க வேண்டும். மகளை உள்ளே போய், ‘மை காலேஜஸ்’ பகுதியில் அந்தக் கல்லூரியைத் திறந்து, ‘ரெக்கமண்டர்ஸ் அண்ட் ஃபெர்பா’ (ஃபெர்பா என்ன என்பதைக் கீழே சொல்கிறேன்) பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆசிரியர் பெயருக்கு நேரே அனுப்பியாகிவிட்டது என்று இருந்தால் ஆசிரியர் தன் வேலையை முடித்துவிட்டார், இனி பேச வேண்டியது கல்லூரியுடன்தான்.

அப்படி இல்லையென்றால், அடிக்கடி நடக்கும் தவறு இது: ஆசிரியரை அழைத்திருப்பார்கள், ஆனால் அந்தக் கல்லூரிக்கு ஒதுக்கியிருக்க மாட்டார்கள். அழைப்பது வேறு, ஒதுக்குவது வேறு. ஆசிரியர் எழுதுவது ஒரே கடிதம்தான். எந்தெந்தக் கல்லூரிக்கு அவரை ஒதுக்கினோமோ அங்கெல்லாம் அது போகும். எட்டுக் கல்லூரியில் ஏழுக்கு ஒதுக்கிவிட்டு ஒன்றை மறந்தால், அந்த ஒன்றில் மட்டும் காலியாக நிற்கும். ஆசிரியருக்கு இது தெரியவே வழியில்லை. அழைப்பு மின்னஞ்சல் ஸ்பாம் பெட்டியில் விழுந்திருப்பதும், முகவரியில் ஓர் எழுத்து தவறியிருப்பதும் இதற்கு அடுத்தபடி.

உங்கள் பள்ளி, ஆவணங்களைக் கல்லூரிகளுக்கு அனுப்ப நேவியன்ஸ், ஸ்கோயர் மாதிரியான தளம் வைத்திருக்கிறதா என்று கேளுங்கள். அப்படியானால் வழியே வேறு. மகள் முதலில் காமன் ஆப்பில் ஃபெர்பா படிவத்தில் கையெழுத்திட வேண்டும், பிறகு இரண்டு கணக்கையும் இணைக்க வேண்டும், கல்லூரியை அந்தத் தளத்தின் பட்டியலிலும் சேர்க்க வேண்டும், ஆசிரியரிடம் அங்கேதான் கோர வேண்டும். ஆசிரியர் கடிதத்தை ஏற்றிய பிறகும் பல பள்ளிகளில் கவுன்சிலர் (மாணவர்களுக்கு வழிகாட்டும் பள்ளி ஆலோசகர்) அலுவலகம்தான் அதைக் கல்லூரிக்கு அனுப்புகிறது. ‘நான் அக்டோபரிலேயே ஏற்றிவிட்டேனே’ என்று ஆசிரியர் சொன்னால் அவர் சொல்வது உண்மையாகவே இருக்கும். கடிதம் கவுன்சிலர் மேசையில் நிற்கிறது என்று அர்த்தம்.

ஃபெர்பா என்பது 1974இல் வந்த, கல்விப் பதிவுகளுக்கான அமெரிக்கத் தனியுரிமைச் சட்டம். கடிதத்தைப் பின்னாளில் படித்துப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்பதைத் தேர்ந்தெடுப்பதே வழக்கம். உரிமையை வைத்துக்கொண்டால் சில ஆசிரியர்கள் எழுதவே தயங்குவார்கள். விட்டுக்கொடுத்த பிறகு, என்ன எழுதினீர்கள், ஒரு பிரதி கொடுங்கள் என்று கேட்கக் கூடாது.

அடுத்தது நம்மவர்களுக்கே உரிய தலைவலி, பெயர். இனிஷியல் வைக்கும் பழக்கத்தால் நிறையப் பிள்ளைகளின் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலி. அப்போது அமெரிக்க விசாவில் முதற்பெயர் இடத்தில் ‘எஃப்.என்.யு.’ (முதற்பெயர் தெரியவில்லை) என்று அச்சாகி, உண்மையான பெயர் குடும்பப்பெயர் ஆகிவிடும். பள்ளிப் பதிவேடு விசாவைப் பார்த்து ஒரு மாதிரி, காமன் ஆப்பில் அப்பா பெயரைச் சேர்த்து இன்னொரு மாதிரி, எஸ்.ஏ.டி. (கல்லூரி நுழைவுத் தேர்வு) கணக்கில் வேறொரு மாதிரி என்று மூன்று பெயர் உலாவும். காமன் ஆப் வழியே போகும் கடிதத்தில் விண்ணப்ப எண் ஒட்டியிருப்பதால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். மின்னஞ்சலில் போனதும் தபாலில் போனதும் பெயரையும் பிறந்த தேதியையும் வைத்தே சேர்க்கப்படுகின்றன. அந்தத் தேதியையும் இங்கே மாதத்தை முன்னால் போட்டு எழுதுவார்கள். ஆகஸ்ட் 5ஐ நம் வழக்கப்படி 5-8 என்று போட்டால் அது மே 8 ஆகிவிடும். எனவே எல்லா இடத்திலும் ஒரே பெயர், மாதத்தை எழுத்தால் எழுதிய தேதி.

கடிதம் போய்விட்டது, கல்லூரி மட்டும் வரவில்லை என்கிறது என்றால், மகள் தன் மின்னஞ்சலிலிருந்து அட்மிஷன் அலுவலகத்துக்கு எழுதட்டும். விண்ணப்பத்தில் உள்ள முழுப்பெயர், வேறு பெயரில் ஆவணம் வந்திருக்கலாம் என்றால் அந்தப் பெயர், பிறந்த தேதி, காமன் ஆப் எண், பள்ளியின் பெயர், எந்த ஆசிரியரின் கடிதம், அது எந்தத் தேதியில் அனுப்பப்பட்டது. இவ்வளவும் ஆறு வரிக்குள் அடங்கும். கடிதத்தை மகளே இணைத்து அனுப்பக் கூடாது. மாணவர் கையால் வரும் பரிந்துரைக் கடிதத்தை ஏற்க மாட்டார்கள். கல்லூரி மறுபடி கேட்டால் ஆசிரியரோ கவுன்சிலரோ பள்ளி மின்னஞ்சலிலிருந்து அனுப்ப வேண்டும்.

ஆசிரியர் இன்னும் எழுதவே இல்லையென்றால் நினைவூட்டுவதும் மகளின் வேலைதான். பெற்றோர் இறங்கிப் பேசினால் இங்கே அது பிள்ளைக்குத்தான் கெட்ட பெயர். வகுப்பு முடிந்ததும் நேரில் ஒரு வார்த்தை, அன்றே ஒரு சின்ன மின்னஞ்சல்; அதில் கல்லூரியின் பெயர், கெடு, அழைப்பை மறுபடி அனுப்பியிருக்கிறேன் என்ற தகவல், கூடவே தன்னைப் பற்றிய ஒரு பக்கக் குறிப்பு. இந்தக் குறிப்பை இங்கே ‘பிராக் ஷீட்’ என்பார்கள். ‘நான் நன்றாகப் படிப்பேன்’ என்று அதில் எழுதிப் பயனில்லை. அந்த வகுப்பில் செய்த ஒரு பிராஜெக்ட், முதலில் வராமல் பிறகு பிடிபட்ட ஒரு பாடம் என்று குறிப்பாக இருந்தால் ஆசிரியரின் பேனா தானாக ஓடும்.

நான்கைந்து நாள் பொறுத்தும் பதில் இல்லையென்றால் கவுன்சிலரிடம் போகலாம். ஆசிரியர் விடுப்பில் போயிருக்கலாம், வேலையை விட்டிருக்கலாம். விட்டுப் போனவரும் எழுதலாம், அவருடைய இப்போதைய முகவரிக்கு அழைப்பு போக வேண்டும், அவ்வளவே. அதுவும் நடக்காதென்றால் வேறு ஆசிரியரை அழைத்து அந்தக் கல்லூரிக்கு ஒதுக்கிவிட்டு, ஆசிரியர் மாறியிருக்கிறார், கடிதம் இன்ன தேதிக்குள் வரும் என்று கல்லூரிக்குச் சொல்லிவிடுங்கள். 11 அல்லது 12ஆம் வகுப்பில் கணிதம், அறிவியல், ஆங்கிலம், வரலாறு போன்ற முக்கியப் பாடம் எடுத்தவராகப் பாருங்கள். கோச்சும், தன்னார்வப் பணியின் பொறுப்பாளரும் ‘அதர் ரெக்கமண்டர்’ கணக்கில் வருவார்கள். ஆசிரியர் இடத்தை அவர்கள் நிரப்ப மாட்டார்கள்.

மகள் இங்கே 11ஆம் வகுப்பின் நடுவில்தான் சேர்ந்தாள் என்றால், ஊரில் பாடம் எடுத்த ஆசிரியரும் ஒருவராக இருக்கலாம். நம் பள்ளிகளில் இந்த வழக்கம் குறைவு என்பதால், ‘நீயே எழுதி அனுப்பு, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்’ என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். ஆசிரியர் பெயரில் நாமே ஒரு மின்னஞ்சல் தொடங்குவது அதைவிடப் பெரிய ஆபத்து. தெரியவந்தால் கொடுத்த இடத்தையே திரும்ப எடுத்துக்கொள்வார்கள். கவுன்சிலர் மட்டும் இங்குள்ள பள்ளியின் கவுன்சிலராகவே இருக்க வேண்டும். அவருக்கு மகளை அவ்வளவாகத் தெரியாவிட்டாலும் ஸ்கூல் ரிப்போர்ட்டும் (பள்ளி தரும் அறிக்கை) டிரான்ஸ்கிரிப்டும் அவர் வழியாகத்தான் போகும்.

மற்ற கல்லூரிகளுக்கு ஒரு வார்த்தை. கலிபோர்னியாவின் அரசுப் பல்கலைக்கழகங்களான யு.சி., கால் ஸ்டேட் வளாகங்கள் விண்ணப்பத்தோடு கடிதம் கேட்பதில்லை. எம்.ஐ.டி. (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) காமன் ஆப்பில் இல்லை, அதற்குத் தனித் தளம்; கணிதம் அல்லது அறிவியல் ஆசிரியர் ஒருவர், மொழி, வரலாறு போன்ற கலைப் பாட ஆசிரியர் ஒருவர் என இரண்டு கடிதத்தை அங்கே தனியாகக் கோர வேண்டும்.

ஜனவரி 1 கெடுவுக்கான கல்லூரிகளில் ஒதுக்கும் வேலையை இந்த வாரமே முடித்துவிடச் சொல்லுங்கள். நவம்பர் கடைசியில் தேங்க்ஸ்கிவிங் விடுமுறை, டிசம்பர் கடைசி வாரத்தில் பள்ளிக் கதவே திறக்காது. 28ஆம் தேதி ஒரு கடிதம் விடுபட்டது தெரிந்தால் அதை அனுப்ப அங்கே ஆள் இருக்க மாட்டார்கள்.