டூனா டின் வாங்கப் போகிறீர்களா? வடித்த எடையைப் பாருங்கள்

மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிடுகிறவர்களிடமிருந்து இந்த மாதம் வந்த கேள்விகளில் பெரும்பகுதி ஒரே பொருளைப் பற்றியது: டின்னில் அடைத்த டூனா. அது நம் ஊர்ச் சூரை மீன்தான். வேலைக்குப் போய்த் திரும்பும் வீட்டில், சோறு இல்லாத இரவுச் சாப்பாட்டுக்கு இதைப்போல் கைகொடுக்கும் பொருள் குறைவு. ஆனால் விலை அதிகம், டின்னுக்கு டின் வித்தியாசமும் அதிகம். அதனால் இந்த முறை முழுக்க அதைப் பற்றியே.

கேள்வி: சூப்பர் மார்க்கெட்டில் ஒரு டின் 220 ரூபாய், இன்னொன்று 247 ரூபாய். அளவும் ஏறக்குறைய ஒன்றுதான். விலை குறைந்ததை வாங்குவதுதானே லாபம்? எனக்குச் சர்க்கரை நோய் உண்டு, கிளிமிபிரைடு மாத்திரை சாப்பிடுகிறேன். இரவில் சோறு, சப்பாத்தியை விட்டுவிட்டு மீனும் காய்கறியுமாகச் சாப்பிடலாம் என்றிருக்கிறேன். (வாசகி, திருப்பூர்)

பதில்: முதலில் மாத்திரை. கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு வகை மாத்திரைகளும் இன்சுலினும் நீங்கள் மாவுச்சத்தைக் குறைத்தாலும் தம் வேலையைச் செய்துகொண்டேதான் இருக்கும். திடீரென்று சோற்றை நிறுத்தினால் இரவில் சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிடலாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்களுக்கு வேறு ஆபத்து: மாவுச்சத்தை ரொம்பவும் குறைத்தால் ரத்தத்தில் அமிலம் சேரும் கீட்டோஅசிடோசிஸ் வரலாம். மருத்துவரிடம் சொல்லி அளவை மாற்றிக்கொண்ட பிறகு டின்னைத் திறங்கள். சிறுநீரகக் கோளாறு, யூரிக் அமிலத் தொல்லை உள்ளவர்களுக்கும் இதையே சொல்வேன்.

இனி விலை. நீங்கள் சொன்ன இரண்டு விலையிலும் நானே டின் வாங்கி மேஜையில் வைத்துப் பார்த்தேன். 220 ரூபாய் டின்னில் நிகர எடை 180 கிராம். அதற்குக் கீழே பொடி எழுத்தில் வடித்த எடை 108 கிராம். 247 ரூபாய் டின்னில் நிகர எடை 185, வடித்த எடை 130. நிகர எடை என்பது மீனும் அது மிதக்கும் தண்ணீரோ எண்ணெயோ சேர்ந்தது. வடித்த எடைதான் உங்கள் தட்டுக்கு வரும் மீன். கணக்குப் போட்டால் முதல் டின்னில் 100 கிராம் மீன் 204 ரூபாய், இரண்டாவதில் 190 ரூபாய். மலிவு என்று நினைத்ததுதான் விலை கூடுதல். முதல் டின்னில் நீங்கள் 72 கிராம் உப்புத் தண்ணீருக்கும் சேர்த்துப் பணம் கொடுத்திருக்கிறீர்கள்.

திரவத்தில் மிதக்கும் உணவுப் பொருளுக்கு வடித்த எடையைப் போட வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் லேபிள் விதி. போடாத டின்னை நான் வாங்குவதில்லை. வீட்டில் சமையல் தராசு இருந்தால் ஒருமுறை டின்னைத் திறந்து, வலைக்கரண்டியில் இரண்டு நிமிடம் வடியவிட்டு நிறுத்துப் பாருங்கள். 130 என்று போட்டிருந்த டின்னில் எனக்கு 127 கிராம் வந்தது. அவ்வளவு வித்தியாசம் பரவாயில்லை.

இன்னொன்று: பெரிய துண்டாக அடுக்கியதைச் 'சாலிட்' என்றும், சிறு துண்டுகளைச் 'சங்க்' என்றும், உதிர்ந்ததை 'ஃப்ளேக்' என்றும் போடுவார்கள். விலையும் அந்த வரிசையில்தான் இறங்கும். புட்டுக்கும் கட்லெட்டுக்கும் எப்படியும் உதிர்க்கத்தான் போகிறோம். ஃப்ளேக் போதும்.

கேள்வி: எங்கே பார்த்தாலும் டூனாவை மயோனைஸில் பிசைந்து இலைக்கோசில் சுருட்டச் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் அது இறங்கவே இல்லை. சோறு இல்லாமலே வயிறு நிறைகிற மாதிரி நம் ருசியில் என்ன செய்யலாம்? (வாசகர், சேலம்)

பதில்: சுறாப்புட்டு செய்யத் தெரிந்த வீட்டில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. டின் சூரை அதற்காகவே பிறந்தது போல உதிரும்.

இரண்டு பேருக்கு இரண்டு டின், தண்ணீரிலோ உப்பு நீரிலோ அடைத்தது. வடித்தால் மட்டும் போதாது, கைப்பிடியில் வைத்து நன்றாகப் பிழியுங்கள். ஈரம் இருந்தால் புட்டு குழைந்துவிடும், டின் வாடையும் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. மஞ்சள்தூள், மிளகுத்தூள், கொஞ்சம் சோம்புத்தூள் போட்டுப் பிசறி வையுங்கள். உப்பு இப்போது வேண்டாம், டின்னிலேயே இருக்கிறது. வாணலியில் மூன்று கரண்டி நல்லெண்ணெய், கடுகு, சோம்பு, இரண்டு கொத்து கறிவேப்பிலை. 100 கிராம் சின்ன வெங்காயம், ஐந்தாறு பல் பூண்டு, ஒரு துண்டு இஞ்சி, மூன்று பச்சை மிளகாய், எல்லாம் பொடியாக நறுக்கியது. வெங்காயம் கண்ணாடி மாதிரி ஆனதும் மீனைப் போட்டு, தீயைக் குறைத்துக் கிளறிக்கொண்டே இருங்கள். ஐந்தாறு நிமிடத்தில் ஓசை மாறும். சளசளப்பு நின்று பொரபொரவென்று கேட்கும்போது நாலு கரண்டி தேங்காய்த் துருவலைத் தூவி இறக்கிவிடலாம். அதற்குமேல் விட்டால் சக்கையாகிவிடும். டின் மீன் முதலில் ஆவியில் வெந்து, பிறகு மூடிய டின்னோடு 115 டிகிரிக்கு மேல் மறுபடியும் வெந்தது. நம் வேலை ஈரத்தைப் போக்குவதும் மசாலா ஏற்றுவதும் மட்டும்தான்.

இப்படிச் செய்தால் ஆளுக்குச் சுமார் 30 கிராம் புரதம் கிடைக்கும். மாவுச்சத்து மீனில் இல்லவே இல்லை. வெங்காயம், பூண்டு, தேங்காயிலிருந்து வருவது ஆளுக்குப் பத்துப் பதினோரு கிராம். ஒரு கிண்ணம் சோற்றில் 45 கிராம் இருக்கும் என்பதை வைத்துப் பாருங்கள். பக்கத்தில் முட்டைக்கோஸ் பொரியலோ, பருப்புச் சேர்க்காத சுரைக்காய்க் கூட்டோ வைத்தால் சாப்பாடு முழுமை. பசி அதிகமிருந்தால் புட்டு இறங்கும் நேரத்தில் இரண்டு முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறுங்கள்.

பிடித்துப்போனால் இதே கலவையைக் குடைமிளகாயில் அடைத்து மூடிபோட்டு வேகவைக்கலாம், கத்தரிக்காய்க்குள்ளும் அடைக்கலாம்.

கேள்வி: சில்லி டூனா, கறி டூனா, தக்காளி சாஸில் டூனா என்று வருகிறதே, மாவுச்சத்தைக் குறைக்கும் பேலியோ உணவுமுறைக்கு ஆகுமா? எண்ணெயில் அடைத்ததா, தண்ணீரில் அடைத்ததா, எது நல்லது? (வாசகர், கோவை)

பதில்: சுவையூட்டிய டின்களை ஒதுக்கிவிடுங்கள் என்றே சொல்வேன். பின்பக்கம் பொருள் பட்டியலைப் பாருங்கள். எது எடையில் அதிகமோ அது முதலில் வரும். சர்க்கரை, மாடிஃபைட் ஸ்டார்ச் (பதப்படுத்திய மாவு), மால்டோடெக்ஸ்ட்ரின் (மாவிலிருந்து எடுக்கும் பொடி) என்ற மூன்றில் ஒன்றாவது அனேகமாக இருக்கும். சாஸ் கெட்டியாக நிற்பதே ஸ்டார்ச்சால்தான். சூரை, தண்ணீர் அல்லது எண்ணெய், உப்பு. இந்த மூன்றோடு பட்டியல் முடிந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

தண்ணீர் டின்னில் வடித்த மீன் 100 கிராமுக்கு ஏறக்குறைய 115 கலோரி, எண்ணெய் டின்னில் 200-ஐ ஒட்டி. மாவுச்சத்து இரண்டிலும் பூஜ்யம். எண்ணெய் டின்னை வடித்தால் மீனின் நல்ல கொழுப்பில் ஒரு பகுதி எண்ணெயோடு போய்விடும். தண்ணீரில் அப்படிக் கரைந்து போகாது. ஒமேகா-3 என்ற அந்த நல்ல கொழுப்புதான் குறி என்றால் சூரையை விட மத்தி பல மடங்கு மேல், அது டின்னிலும் வருகிறது. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பு நீர் டின்னை வடித்து, மீனைக் குழாய்த் தண்ணீரில் அலசிவிட்டுச் சமைக்கலாம். உப்பு கணிசமாக இறங்கும்.

கேள்வி: ஐந்து மாதக் கர்ப்பிணி நான். மாவுச்சத்தைக் குறைக்கச் சொன்னார்கள். பாதரசம் என்று பயமுறுத்துகிறார்களே, டூனாவை அடியோடு விட வேண்டுமா? (வாசகி, சென்னை)

பதில்: விட வேண்டாம், வகையைப் பார்த்து அளவாகச் சாப்பிடுங்கள். பெரிய மீன் சிறிய மீனைத் தின்னத் தின்னப் பாதரசம் சேரும். டின்களில் பெரும்பாலும் வருவது ஸ்கிப்ஜாக் என்ற சிறிய சூரை. 'லைட்' என்று போட்டிருப்பதும் பொதுவாக இதுதான். 'வொயிட்' அல்லது ஆல்பகோர் என்பது பெரிய மீன். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் சோதனைகளில் லைட் டின்னில் சராசரி 0.126 பிபிஎம் (பிபிஎம் என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு), ஆல்பகோர் டின்னில் 0.350 பிபிஎம். கிட்டத்தட்ட மூன்று பங்கு. கர்ப்பிணிகள் லைட் வகையை வாரம் இரண்டு மூன்று வேளை, வேளைக்கு 113 கிராம் சாப்பிடலாம் என்பது அவர்கள் கணக்கு. மற்ற மீன்களும் இந்தக் கணக்கிலேயே அடக்கம். ஆல்பகோர் என்றால் வாரம் ஒரே வேளை, அந்த வாரம் வேறு மீன் கிடையாது. டின்னில் எந்த வகை என்று போடாவிட்டால் எடுக்காதீர்கள். மாவுச்சத்தை எவ்வளவு குறைப்பது என்பதை மட்டும் உங்கள் மகப்பேறு மருத்துவரே சொல்லட்டும்.

கேள்வி: போன வாரம் திறந்த டின்னில் கண்ணாடித் தூள் போல இரண்டு துணுக்கு. பிள்ளைக்குக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே நடுங்குகிறது. யாரிடம் புகார் கொடுப்பது? (வாசகி, மதுரை)

பதில்: உங்கள் பதற்றம் நியாயம்தான். ஆனால் புகாருக்கு முன் ஒரு சோதனை. துணுக்கை ஒரு கரண்டி வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ போட்டு, சில நிமிடம் மெதுவாகச் சூடாக்குங்கள். கரைந்தால் அது கண்ணாடி இல்லை, ஸ்ட்ரூவைட் என்ற உப்புப் படிகம். மீனிலேயே இருக்கும் மக்னீசியமும் பாஸ்பேட்டும் அம்மோனியாவோடு சேர்ந்து, டின் ஆறும்போதும் கிடங்கில் கிடக்கும்போதும் உறைவது. வயிற்று அமிலத்திலும் கரைந்துவிடும், கெடுதல் இல்லை. எனக்கும் ஒருமுறை அரிசிக்குறுணை அளவில் ஒன்று வந்தது. நகத்தால் அழுத்தியதும் கல்லுப்பு மாதிரி நொறுங்கியது.

கரையவில்லை என்றால் துணுக்கு, டின், மூடி, ரசீது எல்லாவற்றையும் பத்திரப்படுத்தி உணவுப் பாதுகாப்புத் துறைக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: உப்பிப்போன டின்னைக் கடைக்காரர் திரும்ப வாங்க மறுக்கிறார். 'விற்ற பொருள் வாபஸ் இல்லை' என்று பில்லிலேயே அச்சடித்திருக்கிறது. (வாசகர், விழுப்புரம்)

பதில்: அந்த அச்சு செல்லாது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பழுதான பொருளைத் திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிகம். பில்லில் காலக்கெடு இல்லாவிட்டால் 30 நாள் என்று சட்டமே சொல்கிறது. டின்னைத் திறக்காதீர்கள். உப்பிய டின்னுக்குள் பொட்டுலினம் என்ற கொடிய நஞ்சு இருக்கலாம், ருசிபார்ப்பதும் ஆபத்து. நாலு பக்கமும் படம் எடுத்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்கலாம். வாங்கும்போதே பாருங்கள்: தையல் விளிம்பில் நசுங்கிய டின், துரு ஏறிய டின், இறக்குமதியாளர் பெயரும் முகவரியும் ஒட்டாத வெளிநாட்டு டின், மூன்றும் வேண்டாம்.

கேள்வி: எங்கள் ஊரில் பச்சைச் சூரையே கிடைக்கிறது. டின் தேவையா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: தேவையே இல்லை. தூத்தூர்ப் படகுகள் ஆழ்கடலுக்குப் போய்ப் பிடித்து வருகிற ஊர்ப்பக்கத்தில் இருந்துகொண்டு ஏன் டின்னுக்குப் பணம் கொடுக்க வேண்டும்? ஐஸில் இருந்த மீனாக மட்டும் வாங்குங்கள். வெயிலில் கிடந்த சூரையில் ஹிஸ்டமின் என்ற, ஒவ்வாமை போன்ற தொல்லை தரும் நஞ்சு ஏறும், சமைத்தாலும் போகாது. வாயில் மிளகு மாதிரிச் சுரீரென்றால் உடனே துப்பிவிடுங்கள். திறந்து வெளியில் வைத்த டின்னுக்கும் இதே எச்சரிக்கைதான். மிச்சத்தைக் கண்ணாடிப் பாத்திரத்துக்கு மாற்றி ஃப்ரிஜ்ஜில் வைத்து, மூன்று நாளுக்குள் முடியுங்கள்.

கேள்வி: எங்கட வீட்டில ரின் மீன் கட்லட் எண்டால் உயிர். அவருக்குச் சீனி வருத்தம் வந்தபிறகு உருளைக்கிழங்கும் ரஸ்க் தூளும் வேண்டாம் எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். வேற வழி இருக்கோ? (வாசகி, யாழ்ப்பாணம்)

பதில்: இருக்கிறது அம்மா. உங்கள் ஊர் 425 கிராம் டின்னில் அதிகம் வருவது கானாங்கெளுத்தி வகை மீன், அதிலும் மாவுச்சத்து இல்லை. எஸ்.எல்.எஸ் என்ற இலங்கைத் தர முத்திரை பார்த்து, தக்காளி சாஸ் இல்லாததாக வாங்குங்கள். உருளைக்கிழங்குக்குப் பதில் கோவாவை (முட்டைக்கோஸ்) மிகப் பொடியாக அரிந்து, எண்ணெய் விடாமல் வாணலியில் ஈரம் போகும்வரை வதக்கிக்கொள்ளுங்கள். பிழிந்த மீன் இரண்டு பங்கு, கோவா ஒரு பங்கு, ஒரு முட்டை, மிளகு, வெங்காயம், பச்சை மிளகாய், தேசிக்காய்ப் புளி (எலுமிச்சைச் சாறு). பிடிக்க வராவிட்டால் அரைமணி நேரம் ஃப்ரிஜ்ஜில் வையுங்கள், இறுகிவிடும். ரஸ்க் தூளுக்குப் பதில் வறுத்த தேங்காய்ப்பூவில் (தேங்காய்த் துருவல்) புரட்டி, தட்டையான சட்டியில் கொஞ்ச எண்ணெயில் இரு பக்கமும் சிவக்கவிடுங்கள். எண்ணெய் முழுகப் பொரித்தால் உடைந்துவிடும். ஒரு பக்கம் நன்றாகச் சிவக்கும்வரை திருப்பாதீர்கள்.