உம்லொன்யானே எண்ணெயில் தீய்ந்த வாடை ஏன்?

கேள்வி: தோட்டத்து உம்லொன்யானே (ஆப்பிரிக்க மூலிகைச் செடி) இலை 1 கிலோவைத் தண்ணீரில் போட்டுக் காய்ச்சி வடித்தேன். சில சொட்டுதான் தேறியது, அதிலும் தீய்ந்த வாடை. இருமலுக்கு உள்ளுக்குச் சாப்பிடலாமா?
– வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: இலை அடியில் ஒட்டிக் கருகியிருக்கும். தண்ணீருக்கு மேலே துளைத்தட்டு வைத்து, அதில் இலையைப் பரப்புங்கள். ஆவி மட்டும் படட்டும். தடித்த குச்சிகளைக் கழித்துவிடுங்கள், அவை இடத்தை அடைப்பதோடு சரி. நடுவே சந்து விட்டால் ஆவி அந்த வழியே ஓடிவிடும். ஆவியைக் குளிர்விக்கும் தண்ணீர் சூடேறினாலோ, எண்ணெய் காற்றோடு போச்சு. எல்லாம் சரியாக நடந்தாலும் 1 கிலோவுக்குச் சில மில்லிதான்.

உள்ளுக்கா? வேண்டவே வேண்டாம். இது நம் மாசிபத்திரியின் இனம். எண்ணெயில் சினியோல் (யூகலிப்டஸ் தைலத்தில் இருக்கும் வாசனைப் பொருள்), கற்பூரத்தோடு துஜோன் என்ற நச்சுப் பொருளும் உண்டு. துஜோன் மிஞ்சினால் வலிப்பு வரும். கர்ப்பிணிகள் கிட்டவே போகக்கூடாது. மூக்கடைப்புக்கு, வெந்நீரில் ஒரு பிடி இலை போட்டு ஆவி பிடித்தாலே போதும்.