நாத்தனார் முடிச்சும் பள்ளி அபராதமும்

கேள்வி: ஜனவரி கடைசியில், ஒரு புதன்கிழமை, மதுரையில் என் தம்பிக்குக் கல்யாணம். நாங்கள் லண்டன் ஹாரோவில் இருக்கிறோம். மகளுக்கு ஏழு வயது. மகன் ரிசப்ஷனில், அதாவது ஒன்றாம் வகுப்புக்கு முந்தைய வகுப்பில், படிக்கிறான்; வரும் மே மாதம்தான் அவனுக்கு ஐந்து முடிகிறது. மூன்று வாரம் போய்வர ஆசை. பள்ளி நாளில் அனுமதியில்லாமல் பிள்ளையை அழைத்துப்போனால் இங்கே பெற்றோருக்கு அபராதம். "அபராதம் கட்டினாலும் டிசம்பர் டிக்கெட்டைவிட மலிவுதான், இல்லாவிட்டால் காய்ச்சல் என்று சொல்லிவிடலாம்" என்கிறார் கணவர். என்ன செய்யட்டும்?

பதில்: நாத்தனார் முடிச்சு போட வேண்டியவர் நீங்கள். போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் மூன்று வாரம் வேண்டாம்.

முதலில் அந்தக் காய்ச்சலை மறந்துவிடுங்கள். கல்யாண வீட்டிலிருந்து திரும்பும் ஏழு வயதுப் பெண்ணின் உள்ளங்கையில் மருதாணி சிவந்திருக்கும். அதைப் பார்த்து ஆசிரியை கேட்டால் அவள் பெருமையாக எல்லாவற்றையும் சொல்வாள். சொல்லாதே என்று குழந்தைக்கு நாம் பாடம் எடுப்பது அதைவிட அசிங்கம்.

சின்னவனுக்கு அபராதக் கவலை இல்லை. ஐந்து வயது முடிந்து அடுத்த பருவம் தொடங்கும்போதுதான் கட்டாயப் பள்ளி வயது வரும். அவனுக்கு அது செப்டம்பரில். பள்ளி முகம் சுளிக்கலாம், அவ்வளவுதான்.

சிக்கல் பெரியவளுக்குத்தான். இங்கிலாந்தில் காலை ஒன்று, பிற்பகல் ஒன்று என நாளுக்கு இரண்டு வருகைப்பதிவு. பத்துப் பள்ளி வாரங்களுக்குள் அனுமதியில்லாத விடுப்பு பத்துப் பதிவுகளை, அதாவது ஐந்து நாளை, எட்டினால் அபராதம் விதிப்பது பற்றிப் பரிசீலித்தே ஆக வேண்டும். ஆகஸ்ட் 2024 முதல் தொகை 80 பவுண்டு. 21 நாளுக்குள் கட்டாவிட்டால் 160. உங்கள் வீட்டுக்காரர் கணக்கில் விட்டது ஒன்று உண்டு: அபராதம் தாய்க்கும் தந்தைக்கும் தனித்தனி. மூன்று ஆண்டுக்குள் அதே பிள்ளைக்காக இரண்டாம் முறை என்றால் எடுத்த எடுப்பிலேயே 160. மூன்றாம் முறைக்கு அபராதச் சீட்டு கிடையாது, பெரும்பாலும் நீதிமன்றம்தான். தங்கைக்கும் கல்யாணம் ஆக வேண்டியிருந்தால் இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள்!

"மற்ற நாளெல்லாம் ஒழுங்காகப் போகிறாளே" என்ற வாதமும் எடுபடாது. மகளை ஃபுளோரிடாவுக்கு அழைத்துப்போன ஐல் ஆஃப் வைட் தீவைச் சேர்ந்த தந்தை ஒருவர் அப்படித்தான் வழக்காடினார். 2017-இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

ஆகவே, வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் விமானம் ஏறுங்கள். புதன் கல்யாணம். அன்றிரவே கிளம்பினால் வெள்ளி காலை அவள் வகுப்பில் இருப்பாள். தூங்கி வழிவாள், வழியட்டும். விடுப்பு நான்கு நாள், எட்டுப் பதிவு. நவம்பரிலிருந்து அனுமதியில்லாத விடுப்பு வேறு ஏதும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அதுவும் கூட்டலில் சேரும். எல்லைக்குக் கீழேயும் அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு என்பதையும் மறைக்க மாட்டேன்.

டிக்கெட் எடுக்கும் முன்பே, கல்யாணப் பத்திரிகையை இணைத்துத் தலைமையாசிரியருக்கு எழுதுங்கள். விதிவிலக்கான காரணம் என்று அவர் ஏற்றால்தான் அனுமதி. தாலி கட்டும்போது முடிச்சுப் போடுவது மாப்பிள்ளையின் அக்காள் என்பதை இரண்டு வரியில் விளக்குங்கள். அவருக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை.

விருந்து, குலதெய்வம் கோயில் எல்லாம் ஆகஸ்டுக்குத் தள்ளிப் போகட்டும். அம்மா கோபித்துக்கொள்வார்.