பெயரை எடுத்துவிட்டால் போதுமா? போதாது

நோயாளிகளின் முழு மரபணுத் தொகையைப் பொதுத்தளத்தில் போடச் சொல்லி ஆய்விதழ் கேட்கிறது, ஒப்புதல் படிவத்திலோ ‘இந்த ஆய்வுக்கு மட்டும்’ என்றிருக்கிறது, பெயரை நீக்கிவிட்டுப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து போடாதீர்கள்.

2013-இல் மரபியல் ஆய்வாளர் யானிவ் எர்லிக்கின் குழு, பெயரில்லாமல் திறந்து வைத்திருந்த மரபணுத் தரவை வம்சாவளித் தளங்களோடும் பொதுவில் கிடைத்த வேறு தகவல்களோடும் ஒப்பிட்டே கிட்டத்தட்ட 50 பேரை அடையாளம் கண்டுவிட்டது. கையெழுத்துப் போட்டவர் ஒருவர்தான். வெளியே போவது அவர் பிள்ளைகள், உடன்பிறந்தவர்களின் தகவலும் சேர்த்து. அவர்களை யாரும் கேட்கவே இல்லை.

முதலில் நெறிமுறைக் குழுவுக்கு எழுதுங்கள். நோயாளிகளைத் தொடர்புகொள்ள முடிந்தால் மறுபடி ஒப்புதல் வாங்குவதுதான் நேர்மையான வழி. சம்மதித்தவர்களின் தரவை டிபிகேப் (dbGaP), ஈஜிஏ (EGA) போன்ற கட்டுப்பாடுள்ள மரபணுத் தரவுக் களஞ்சியத்தில் வையுங்கள். விண்ணப்பித்து அனுமதி வாங்கியவர் மட்டுமே எடுக்க முடியும். காரணத்தை எழுதிக் கேட்டால் பல இதழ்கள் இதை ஏற்கும்.

அப்புறம், எதை அனுப்பும் முன்பும் மரபணு மாற்றங்களைப் பட்டியலிடும் விசிஎஃப் (VCF) கோப்பைத் திறந்து தலைப்பு வரியைப் பாருங்கள். மாதிரிப் பெயர் வரும் இடத்தில் மருத்துவமனைப் பதிவெண் அப்படியே உட்கார்ந்திருக்கலாம். கோப்பின் பெயரிலும்கூட.