டிஸ்க் பிரேக்: சில்லு எவ்வளவு உரசலாம்?

வெள்ளவத்தை வாசகர்: அண்ணா, ரொயோட்டா அக்சியோ காருக்கு முன் பிரேக் பேட் மாத்தினேன். ஜாக்கில ஏத்திச் சில்லைச் சுத்தினா 'சர்' எண்டு உரசுது. பிழையாப் பூட்டிட்டனா?

பதில்: இல்லை. டிரம் பிரேக்கில் ஷூவை இழுத்தெடுக்க ஸ்பிரிங் உண்டு. டிஸ்க் பிரேக்கில் அந்த வேலையை, சில்லோடு சுற்றும் தட்டில் (டிஸ்க்) பேடை அழுத்தும் பிஸ்டனைச் சுற்றியுள்ள றப்பர் சீல்தான் பெரும்பாலும் செய்கிறது. பெடலை மிதிக்கும்போது அது வளைகிறது. காலை எடுத்ததும் நிமிர்ந்து, பிஸ்டனை ஒரு மில்லிமீற்றரிலும் மிகச் சிறிய பங்குதான் பின்னே இழுக்கிறது. ஆகவே பேட் இலேசாகத் தொட்டுக்கொண்டே இருக்கும். ஒரு கையால் சுற்ற முடிந்தால் பயப்பட ஒன்றுமில்லை. இரண்டு கையும் போட்டு மல்லுக்கட்ட வேண்டியிருந்தால் கோளாறு.

ஆனால் பூட்டியதும் பெடலை இறுகும்வரை சில தடவை மிதித்து, விட்டு, பிறகுதான் சுற்றிப் பாருங்கள். மிதிக்காவிட்டால் பிஸ்டன் உள்ளே அமுங்கியபடி கிடக்கும். சில்லு வழுக்கிக்கொண்டு சுற்றும். அது பொய்யான சோதனை. கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் விட்டபடி, மற்றச் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, கார் ஸ்டாண்டில் நிற்க வேண்டும்.

கொட்டாஞ்சேனை வாசகர்: 'இலேசு' என்பது ஆளுக்கு ஆள் மாறுமே. அளக்க வழியில்லையா?

பதில்: விற்றராசு போதும். பேடையும் பிஸ்டனையும் தாங்கும் கலிப்பரைக் கழற்றிக் கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள். அதற்கு ஒயில் கொண்டுவரும் றப்பர் ஹோஸில் பாரம் ஏறக்கூடாது, பெடலையும் தொடக்கூடாது, பிஸ்டன் வெளியே வந்துவிடும். டிஸ்க்கை இரண்டு நட்டால் இறுக்கி, வீல் ஸ்டட்டில் தராசைக் கொளுவிச் சுற்றும் திசையிலேயே இழுங்கள். அசையத் தொடங்கும்போது காட்டுவதை விட்டுவிட்டு, சுற்றிக்கொண்டிருக்கும்போது காட்டுவதைக் குறியுங்கள். கலிப்பரைப் பூட்டி, பெடலை மிதித்து விட்டு, மறுபடி இழுங்கள். இரண்டுக்குமுள்ள வித்தியாசம்தான் பிரேக்கின் உரசல். அதை உங்கள் காரின் சேர்விஸ் மனுவலோடும், இடம் வலத்தோடும் ஒப்பிடுங்கள்.

மட்டக்குளி வாசகர்: ஒரு சில்லு மட்டும் இறுகி, ரிம் கொதிக்குது. கலிப்பர் மாத்தணுமா?

பதில்: காசைச் செலவழிக்க முன் ஒரு சோதனை. இறுகியிருக்கும்போதே கலிப்பரில் காற்றெடுக்கும் பிளீடர் நிப்பிளைக் கொஞ்சம் திறவுங்கள். சில்லு விட்டுக்கொடுத்தால் அழுத்தம் எங்கோ அடைபட்டிருக்கிறது. ஒரு சில்லில் மட்டும் என்றால் முதலில் ஹோஸைச் சந்தேகியுங்கள்: வெளியே நல்லாயிருக்கும், உள் றப்பர் உப்பி ஒயிலைத் திரும்ப விடாது. உறுதிப்படுத்த, அடுத்த தடவை இறுகும்போது ஹோஸுக்கு முன்னாலுள்ள இரும்புக் குழாயின் நட்டைத் தளர்த்துங்கள். சில்லு விடவில்லையென்றால் ஹோஸ்தான். எதைத் திறந்தாலும் கடைசியில் காற்றெடுக்க வேண்டும்.

நிப்பிளைத் திறந்தும் விடவில்லையா? கலிப்பர் வழுக்கி நகர உதவும் ஸ்லைட் பின்னைக் கழற்றுங்கள். நல்ல பின் விரலால் தள்ளினாலே போய்வரும். காய்ந்த கிறீஸும் பழுப்புத் துருவும் ஒட்டியிருந்தால் துடைத்து, பிரேக்குக்கென்று விற்கும் சிலிக்கன் கிறீஸ் பூசுங்கள். பேரிங் கிறீஸ் வேண்டவே வேண்டாம். அது ஸ்லைட் பின்னின் நுனியிலுள்ள றப்பரை ஊதச் செய்து மறுபடி இறுக்கிவிடும். கடலோரம் நிறுத்தும் கார்களில் பேட் உட்காரும் தாங்கியிலும் துரு ஏறிப் பேடை இறுக்கும். கம்பி பிரஷ்ஷால் சுரண்டுங்கள். பிஸ்டனில் குழி விழுந்திருந்தால் சீல் கிட் போட்டுப் பயனில்லை. பழைய உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் பழைய கலிப்பர் வாங்கினாலும், தூசு மறைக்கும் றப்பரான டஸ்ட் பூட்டை விலக்கி அந்தப் பிஸ்டனைப் பார்த்தே வாங்குங்கள்.

கல்கிசை வாசகர்: ஒரு சுற்றில் ஒரே இடத்தில மட்டும் பிடிக்குது.

பதில்: டிஸ்க் ஆடுகிறது. பல தடவை குற்றம் டிஸ்க்கில் இல்லை, அதற்கும் அது பூட்டப்படும் ஹப்புக்கும் நடுவே இருக்கும் துருவில். ஹப் முகத்தைச் சுரண்டிப் பூட்டி, ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் வைத்துப் பாருங்கள். பல கார்களுக்கு 0.05 மில்லிமீற்றர்தான் எல்லை.

பம்பலப்பிட்டி வாசகர்: பூஸ்டர் மாத்தின பிறகு இரண்டு முன் சில்லும் ஓட ஓட இறுகுது.

பதில்: கலிப்பரை விடுங்கள். பெடல் அழுத்தத்தைக் கூட்டும் பூஸ்டரின் கம்பி நீளம் கூடிப்போய், ஒயிலை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரை எப்போதும் கொஞ்சம் அழுத்திக்கொண்டிருக்கும். ஒயில் திரும்பும் துளை மூடிக் கிடப்பதால், சூடேறி விரியும் ஒயிலுக்குப் போக வழியில்லை. மாஸ்டர் சிலிண்டரைப் பூஸ்டரிலிருந்து சற்றுத் தளர்த்திப் பாருங்கள். சில்லு உடனே விட்டால் கம்பியின் நீளத்தைச் சரிசெய்ய வேண்டும்.