தீப் பாதுகாப்புப் பலகைகளை எங்கே மாட்டுவது?

கேள்வி: எங்கள் பணியிடத்தில் 40 பேர் வேலை பார்க்கிறோம். தீப் பாதுகாப்புப் பலகைகளை எந்த அளவில் வாங்கி, எங்கே மாட்ட வேண்டும்? வெளியேறும் வழிக்கான பலகையைக் கதவிலேயே ஒட்டிவிடலாமா?

பதில்: கதவில் ஒட்டாதீர்கள். முதலில் ஓடுபவர் கதவைத் திறந்துவிட்டால், அது சுவரோடு சாய்ந்து பலகையையும் மறைத்துவிடும்; பின்னால் வருபவருக்கு வழி தெரிய வேண்டியது அப்போதுதான். ஆகவே கதவு நிலைக்கு மேலே, சுவரில் மாட்டுங்கள்.

அளவைத் தூரத்தைக் கொண்டு முடிவு செய்ய வேண்டும். வெளியிலிருந்து வெளிச்சம் விழும் பலகை, அதன் உயரத்தைப் போல 100 மடங்கு தூரம் வரையிலும், உள்ளே விளக்கு எரியும் பலகை 200 மடங்கு தூரம் வரையிலும் தெரியும் என்பது நடைமுறைக் கணக்கு. 20 மீட்டர் நீளமுள்ள கூடத்துக்கு முதல் வகையில் 20 செ.மீ., இரண்டாம் வகையில் 10 செ.மீ. உயரம் தேவை. இருட்டில் ஒளிரும் பலகைகளை நம்பி ஏமாறுபவர்கள் பலர். பகலெல்லாம் விளக்கு அணைந்திருக்கும் கிடங்கில், வெளிச்சத்தை உள்வாங்க வழியில்லாமல், அவை ஒளிரவே ஒளிராது. புகை மேலே திரளும் என்பதால், தரையை ஒட்டியும் சில வழிகாட்டிகள் இருப்பது நல்லது.

பாதுகாப்புக் குறியீடுகளுக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 7010-இன்படி, வெளியேறும் வழிக்குப் பச்சை, தீயணைப்புக் கருவிக்குச் சிவப்புச் சதுரம், எச்சரிக்கைக்கு மஞ்சள் முக்கோணம், தடைக்குக் குறுக்குக் கோடிட்ட சிவப்பு வட்டம். தீயணைப்பானுக்கான பலகையை, அட்டைப் பெட்டிகள் அடுக்கப்படும் உயரத்துக்கும் மேலே மாட்டுங்கள். கருவியின் முன்னால் எதையும் அடுக்க விடாதீர்கள். கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பானில் அழுத்தமானி இருக்காது, எடை போட்டுத்தான் அளவைச் சரிபார்க்க வேண்டும் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

தீ பிடிக்காமல் தடுக்க, பிளக்குகளைக் கவனியுங்கள். பிளக்கின் ஓரம் பழுப்பேறியிருந்தால், தளர்ந்த இணைப்பு உள்ளே சூடாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அதை உடனே மாற்றுங்கள். ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இன்னொன்றைச் செருகாதீர்கள். ஆளி விதை எண்ணெய் துடைத்த துணிகளைக் குவித்து வைத்தால் அவை தாமாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும். மூடியுள்ள உலோகத் தொட்டியில் போடுங்கள்.

பலகைகளை மாட்டியபின், வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த ஒருவரை அழைத்து, வழக்கமான விளக்குகளை அணைத்து, அவசர விளக்குகளை மட்டும் எரியவிட்டு, கூடத்தின் கடைசி மூலையிலிருந்து அவரைத் தனியாக வெளியே வரச் சொல்லுங்கள். எந்த இடத்தில் அவர் தயங்கி நிற்கிறாரோ, அங்கே இன்னொரு பலகை வேண்டும்.